ஃபார்மட் போடும் முன்

(நூலக வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



வீட்டிலோ கடையிலோ இருக்கும் பழைய கம்ப்யூட்டர் தகராறு செய்தால் என்ன செய்வது? நம் ஊர்களில் இதற்கு ஒரே பதில்தான் புழக்கத்தில் இருக்கிறது. "ஃபார்மட் போட்டுடலாம் சார். ஓஎஸ் புதுசா ஏத்திடலாம். சாயங்காலம் வந்து வாங்கிக்கோங்க." ஸ்லோவாக இருந்தாலும் ஃபார்மட், ஹேங் ஆனாலும் ஃபார்மட், பிரிண்டர் எடுக்காவிட்டாலும் ஃபார்மட். அந்தப் பதிலுக்கு எதிராகப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

சர்வீஸ் கடைக்காரர்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்கள் நிலைமை எனக்குத் தெரியும். ஒரு கோளாறின் காரணத்தைத் தேடினால் பத்து நிமிஷத்திலும் கிடைக்கலாம், அரை நாளும் ஆகலாம். தேடியதற்குக் கூலி கேட்டால் யாரும் கொடுக்க மாட்டார்கள். "அந்த பட்டனைத் தட்டினதுக்கா இவ்வளவு?" என்பார்கள். ஃபார்மட் போட்டால் இவ்வளவு நேரம், இவ்வளவு ரூபாய் என்று கணக்கு இருக்கிறது. காரணம் தேடுவதை வேலையாக மதித்துக் கூலி கொடுக்காத வரை கடைகளில் ஃபார்மட்தான் போடுவார்கள். அதில் நமக்கும் பங்கு உண்டு.

சரி, ஃபார்மட் போட்டால் வட்டில் என்ன நடக்கிறது? அவசரத்துக்குப் போடும் 'குயிக் ஃபார்மட்'டில், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்கிற அட்டவணை மட்டும் புதிதாக எழுதப்படுகிறது. கோப்புகளின் உள்ளடக்கம் பெரும்பாலும் அப்படியே கிடக்கும். டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் என்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. கிறிஸ்தோஃப் கிரனியே என்ற பிரெஞ்சுக்காரர் எழுதியவை. அவற்றை வைத்து அதில் நிறைய மீட்டுவிடலாம். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் முழு ஃபார்மட் போட்டால்கூட, வட்டில் கெட்டுப்போன இடம் உண்டா என்று படித்துப் பார்ப்பதோடு சரி. அடுத்து வந்த விஸ்டாவில் அது மாறியது. அதன்பின் வந்த எல்லா விண்டோஸிலும் முழு ஃபார்மட் என்றால் வட்டின் முனை முதல் முனை வரை பூஜ்யத்தை எழுதிவிடும். அதற்குப் பிறகு எந்தக் கருவியாலும் ஒன்றையும் எடுக்க முடியாது. குயிக் ஃபார்மட்தானே என்று நிம்மதி அடையவும் வழியில்லை, ஏனென்றால் உடனே அதன்மேல் புது விண்டோஸ் ஏறுகிறது. பல ஜிபி அளவுக்குப் புதிய கோப்புகள் பழைய கோப்புகள் கிடந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கின்றன.

"டி டிரைவ்ல இருக்கிறது அப்படியே இருக்கும், கவலைப்படாதீங்க" என்று கடையில் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் நம்மில் எத்தனை பேர் டி டிரைவில் சேமிக்கிறோம்? டெஸ்க்டாப்பில் போட்டு வைக்கிறோம், மை டாக்குமென்ட்ஸில் போட்டு வைக்கிறோம். இரண்டும் சி டிரைவுக்குள்தான் இருக்கின்றன. பிள்ளையின் முதல் பிறந்தநாள் படங்கள் டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டரில் இருக்கும். ஃபார்மட் போட்டு வாங்கி வந்த மறுநாள்தான் அது ஞாபகத்துக்கு வரும்.

இனி ஓர் அச்சகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். திருநெல்வேலிப் பக்கம். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், பில் புத்தகம் அடிக்கிற சின்ன அச்சகம். எக்ஸ்பி போட்ட மெஷின், அதில் பேஜ்மேக்கர் 7, கூடவே ஒரு கட்டுத் தமிழ் ஃபான்ட். ஒரு நாள் காலையில் ஆன் செய்தால் விண்டோஸ் சின்னம் வருகிறது, நீல நிறம் ஒரு கண் சிமிட்டும் நேரம் தெரிகிறது, ரீஸ்டார்ட் ஆகிவிடுகிறது. மறுபடியும் சின்னம், மறுபடியும் நீலம். "விண்டோஸ் கரப்ட் ஆயிட்டு, ஃபார்மட்தான்" என்று ஒருவர் பார்த்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

நான் முதலில் கேட்டது மெஷினை அல்ல, அதன் சொந்தக்காரரை.

"அண்ணாச்சி, கடைசியா இதுல என்ன மாத்துனீங்க?"

"ஒண்ணும் மாத்தல தம்பி. ரெண்டு நாளா கடையே தொறக்கல. ஊர்ல கொடை. மெயினை அணைச்சிட்டுப் போயிட்டோம்."

மெயினை அணைத்தது என்ற அந்த ஒரு தகவலே போதுமானதாக இருந்தது. மதர்போர்டில் பொத்தான் மாதிரி ஒரு வட்டமான பேட்டரி இருக்கும், சிஆர்2032 என்று மேலே எழுதியிருக்கும், 3 வோல்ட். கடிகாரத்தையும், பயாஸ் என்கிற ஆரம்ப நிரலின் அமைப்புகளையும் அதுதான் காப்பாற்றுகிறது. ஆனால் பிளக் செருகி சுவிட்ச் போட்டிருக்கும் வரை, மெஷின் அணைந்திருந்தாலும் எஸ்எம்பிஎஸ் என்கிற பவர் சப்ளை வழியாகக் கொஞ்சம் மின்சாரம் போர்டுக்கு வந்துகொண்டே இருக்கும். அந்தப் பேட்டரி செத்துப்போய் எத்தனை மாதம் ஆனாலும் வெளியே தெரியாது. மெயினை அணைத்த அன்றுதான் தெரியும்.

எஃப்8 விசையைத் தட்டிப் பட்டியலை வரவழைத்து, 'கோளாறு வந்தால் தானாக ரீஸ்டார்ட் ஆகாதே' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். நீலத் திரை நின்றது. ஸ்டாப் என்று எழுதி எட்டு இலக்கத்தில் ஓர் எண், கடைசி இரண்டு எழுத்து 7பி. எந்த வட்டிலிருந்து விண்டோஸ் கிளம்ப வேண்டுமோ அந்த வட்டை அதனால் அணுக முடியவில்லை என்று அதற்குப் பொருள். வட்டு கெட்டுவிட்டது என்று பொருளில்லை, விண்டோஸ் கெட்டுவிட்டது என்றும் பொருளில்லை. டிலீட் விசையைத் தட்டி பயாஸுக்குள் போனேன். தேதி, அந்த போர்டு தயாரான காலத்து ஜனவரி 1 என்று காட்டியது. ஹார்ட் டிஸ்க் எந்த முறையில் இயங்க வேண்டும் என்கிற வரியில் ஏஹெச்சிஐ என்று இருந்தது.

எக்ஸ்பி வெளிவந்தது 2001இல். ஏஹெச்சிஐ முறைக்கான டிரைவர் அதன் சிடியில் கிடையாது. நிறுவும்போது எஃப்6 விசையை அழுத்தி ஃபிளாப்பியிலிருந்து டிரைவரைக் கொடுக்க வேண்டும். ஃபிளாப்பிக்கு எங்கே போவது? அதனால் அந்தக் காலத்தில் எக்ஸ்பி போட்டவர்கள் பயாஸில் அந்த வரியை ஐடிஇ என்று மாற்றிவிட்டுத்தான் போட்டார்கள். பேட்டரி செத்ததும் அந்த மாற்றம் மறந்துபோய், போர்டு தன் பிறவிக் குணத்துக்குத் திரும்பிவிட்டது. மறுபடியும் ஐடிஇ என்று மாற்றி, தேதியைச் சரிசெய்து, எஃப்10 அழுத்தினேன். எக்ஸ்பி வந்தது, பேஜ்மேக்கர் வந்தது, பாதியில் நின்ற கொடை நோட்டீஸும் வந்தது. பக்கத்துக் கடையில் ஒரு புது பேட்டரி வாங்கிப் போட்டதோடு வேலை முடிந்தது.

ஃபார்மட் போட முயன்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எக்ஸ்பி சிடியைப் போட்டிருப்பார்கள். டிரைவர் இல்லாததால் 'ஹார்ட் டிஸ்க் எதையும் காணவில்லை' என்று அது சொல்லியிருக்கும். "டிஸ்க்கே போயிட்டு அண்ணாச்சி, புதுசு போடணும்" என்று ஆகியிருக்கும். நல்ல டிஸ்க் ஒன்று அதிலிருக்கும் அத்தனை வருஷத்து வேலையோடு குப்பைக்குப் போயிருக்கும். சங்கிலியின் முதல் கண்ணி ஒரு பேட்டரி. இதனால்தான் 'கடைசியாக என்ன மாறியது' என்பதை முதல் கேள்வியாக வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். ஆட்கள் "ஒண்ணும் மாத்தல" என்றுதான் சொல்வார்கள், அவர்கள் பொய் சொல்லவில்லை. புது பிரிண்டர் வாங்கியது, மேசையை நகர்த்தியது, இடி இடித்தது, ஊருக்குப் போய் வந்தது எல்லாம் அவர்கள் கணக்கில் மாற்றம் இல்லை. பொறுமையாகக் கேட்டால் வரும்.

அதே பேட்டரி இன்னொரு வேஷத்திலும் வரும். மெஷின் நன்றாகக் கிளம்பும், வேர்டு ஓடும், படம் ஓடும், ஆனால் எந்த வலைத்தளமும் திறக்காது. 'இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்று ஒவ்வொன்றிலும் எச்சரிக்கை வரும். வைரஸ் என்பார்கள், நெட் கம்பெனியைத் திட்டுவார்கள். முதலில் திரையின் வலது கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள். வலைத்தளங்கள் ஒவ்வொன்றும் ஒரு சான்றிதழைக் காட்டுகின்றன, அதில் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும் என்று இருக்கும். உங்கள் மெஷின் 2009இல் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தால், இன்றைய சான்றிதழ்கள் எல்லாம் அதன் கண்ணுக்கு இன்னும் பிறக்காதவை. தேதியைத் திருத்தினால் எல்லாம் திறந்துகொள்ளும்.

தேதி சரியாக இருந்தும் திறக்கவில்லையா? அப்போது காரணம் வேறு. 2021 செப்டம்பர் 30 அன்று உலகம் முழுவதும் பழைய மெஷின்களும் பழைய போன்களும் திடீரென்று ஏராளமான தளங்களைத் திறக்க மறுத்தன. லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகச் சான்றிதழ் வழங்குகிறது, கோடிக்கணக்கான தளங்கள் அதைத்தான் பயன்படுத்துகின்றன. அந்தச் சான்றிதழ்களுக்கு ஆதாரமாக நின்ற பழைய மூலச் சான்றிதழ் ஒன்று அன்று காலாவதியானது. அதற்கு மாற்றாக வந்த புதிய மூலச் சான்றிதழ், அப்டேட் நின்றுபோன மெஷின்களுக்குத் தெரியாது. இதில் ஒரு வழி உண்டு. அந்த நாளில் குரோமும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரும் விண்டோஸ் வைத்திருக்கும் சான்றிதழ்ப் பட்டியலை நம்பியிருந்தன, ஃபயர்ஃபாக்ஸ் தன் பட்டியலைத் தானே கையோடு கொண்டுவந்தது. ஆகவே ஒரே மெஷினில் ஒன்று மறுத்த தளத்தை இன்னொன்று திறந்தது. விண்டோஸ் 7க்கு குரோம் 109ஓடு நின்றுவிட்டது, ஃபயர்ஃபாக்ஸில் 115 என்ற நீண்டகாலப் பதிப்பு அதன் பிறகும் வந்துகொண்டிருந்தது. ஒரு பிரவுசரில் வராததை இன்னொன்றில் திறந்து பார்ப்பது ஒரு நிமிஷ வேலை. கோளாறு பிரவுசரிலா, மெஷினிலா, நெட்டிலா என்பதை அது பிரித்துக் காட்டிவிடும்.

'மெஷின் ஸ்லோ' என்கிற புகாருக்கு வருவோம். இதுதான் மிக அதிகமாக வருவது, மிகக் குறைவாக விசாரிக்கப்படுவதும் இதுதான். எது ஸ்லோ? ஆன் ஆவதா, கோப்பு திறப்பதா, இணையமா, எல்லாமா? எப்போதிலிருந்து? படிப்படியாகவா, ஒரே நாளிலா? டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் பிராசசர், ராம் இரண்டில் எது நிறைந்திருக்கிறது என்று தெரியும்; விண்டோஸ் 8 முதல் டிஸ்க்கின் கணக்கும் அங்கேயே தெரியும். ஒரே மெஷினில் இரண்டு ஆன்ட்டிவைரஸ் இருப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். ஒவ்வொரு கோப்பையும் இரண்டும் திறந்து பார்க்கும், ஒன்றை மற்றொன்று சந்தேகப்படும். ஒன்றை எடுத்தால் போதும். கிளம்பும்போது தானாக ஏறும் புரோகிராம்களைப் பார்க்க ஆட்டோரன்ஸ் என்ற கருவி இருக்கிறது. 1996இல் மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் தொடங்கிய சிஸ்இன்டர்னல்ஸ் தளத்திலிருந்து வந்தது; 2006இல் அதை மைக்ரோசாஃப்ட் வாங்கிக்கொண்டது, இன்றும் இலவசம். இந்த ருசினோவிச்தான் 2005இல், தான் எழுதிய கருவியைத் தன் சொந்தக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தபோது ஒளிந்திருக்கும் கோப்புகளைக் கண்டார். துரத்திக்கொண்டே போனால், அவர் காசு கொடுத்து வாங்கிய சோனி பிஎம்ஜி இசைத்தட்டு அவருக்குத் தெரியாமல் நிறுவிய மென்பொருள் அது. அவர் அதை எழுதி வெளியிட்டதும் அந்த நிறுவனம் தட்டுகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அவர் அன்றைக்குத் தன் மெஷினை ஃபார்மட் போட்டிருந்தால் அவருக்கும் தெரிந்திருக்காது, நமக்கும் தெரிந்திருக்காது.

எக்ஸ்பி மெஷின் ஒரே நாளில் படுத்துவிட்டது, பாட்டுப் போட்டால்கூட விட்டுவிட்டு வருகிறது, மௌஸ் இழுபடுகிறது என்றால் நான் பார்க்கிற இடம் ஒன்று உண்டு. பழைய ஐடிஇ ஹார்ட் டிஸ்க் சாதாரணமாக டிஎம்ஏ முறையில் ஓடும், அதாவது தரவு பிராசசரைத் தொந்தரவு செய்யாமல் நேரே ராமுக்குப் போகும். இடையில் பிழைகள் வந்தால் எக்ஸ்பி கணக்கு வைத்துக்கொள்ளும். மொத்தம் ஆறு பிழை சேர்ந்ததும் வேகத்தை ஒரு படி இறக்கும். அப்படியே இறங்கி இறங்கிக் கடைசியில் பிஐஓ முறையில் வந்து நிற்கும். அங்கே ஒவ்வொரு துண்டுத் தரவையும் பிராசசரே கைப்பட எடுத்துக் கொடுக்க வேண்டும். விநாடிக்கு 100 எம்பி வரை போகக்கூடிய பாதை 16 எம்பிக்குச் சுருங்கிவிடும். அதை எக்ஸ்பி தானாக மறுபடி ஏற்றாது. டிவைஸ் மேனேஜரில் பிரைமரி ஐடிஇ சேனல் என்பதைத் திறந்து, 'அட்வான்ஸ்டு' பக்கத்தில் பார்த்தால் பிஐஓ என்று எழுதியிருக்கும். அந்தச் சேனலை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்தால் விண்டோஸ் அதைப் புதிதாகக் கண்டுபிடித்து டிஎம்ஏவில் ஏற்றும், மெஷின் பழைய வேகத்துக்கு வரும்.

ஆனால் அதோடு விட்டுவிடக் கூடாது. ஆறு பிழை ஏன் வந்தது? பட்டைக் கேபிள் தளர்ந்திருக்கலாம், டிஸ்க்கே முடியப்போகலாம். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்துக்கொள்ளும், ஸ்மார்ட் என்று அதற்குப் பெயர். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் அதைப் படிக்கலாம். கெட்டுப்போய் ஒதுக்கப்பட்ட பகுதிகள் எத்தனை, படிக்க முடியாமல் காத்திருக்கும் பகுதிகள் எத்தனை என்ற இரண்டு வரிகள் முக்கியம். அவற்றில் பூஜ்யம் தவிர வேறு எண் தெரிந்து, அது வாரத்துக்கு வாரம் ஏறினால், அன்றைக்கே கோப்புகளை வேறு டிஸ்க்குக்கு மாற்றுங்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட டிஸ்க்கின்மேல் முதல் வேலையாகச் செக்டிஸ்க் ஓட்டாதீர்கள். பலரும் நல்லது என்று நினைத்துச் செய்வது அது. செக்டிஸ்க்கின் முழுச் சோதனை டிஸ்க்கின் ஒவ்வொரு மூலையையும் படிக்கும், படிக்க முடியாத கோப்புகளின் கட்டமைப்பை வெட்டிச் சரிசெய்யும். கடைசி மூச்சில் இருக்கும் டிஸ்க்குக்கு அந்த உழைப்பே முடிவாகிவிடலாம். முதலில் நகல், பிறகு பழுது. நகல் எடுக்க டிடிரெஸ்க்யூ என்ற லினக்ஸ் கருவி இருக்கிறது. எளிதில் படிக்கக்கூடிய பகுதிகளை எல்லாம் முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். டிஸ்க் பாதி வழியில் நின்றாலும் பெரும்பகுதி கைக்கு வந்திருக்கும்.

பென் டிரைவ் வைரஸ் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெராக்ஸ் கடையில் செருகி எடுத்து வந்த பென் டிரைவைத் திறந்தால் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. கல்லூரிப் பெண் ஒருத்தி தன் புராஜெக்ட் முழுவதும் போய்விட்டது என்று கண்ணீரோடு வந்தாள். டிரைவின் கொள்ளளவைப் பார்க்கச் சொன்னேன். காலி என்று காட்டும் டிரைவில் பாதிக்குமேல் நிறைந்திருந்தது. கோப்புகள் எங்கேயும் போகவில்லை, 'மறைவானது, சிஸ்டம் கோப்பு' என்று வைரஸ் அவற்றுக்கு முத்திரை குத்தி ஒளித்து வைத்திருந்தது. அட்ரிப் என்ற ஒற்றைக் கட்டளையால் அந்த முத்திரைகளை நீக்கியதும் எல்லாம் வந்துவிட்டன. அதே நிலையில் எத்தனை பேர் "வைரஸ் வந்துட்டு" என்று பென் டிரைவை ஃபார்மட் செய்கிறார்கள்! செருகியதும் தானாக ஓடும் வசதியை விண்டோஸ் 7 பென் டிரைவுகளுக்கு நிறுத்திவிட்டது, எக்ஸ்பிக்கும் விஸ்டாவுக்கும் 2011 பிப்ரவரியில் அப்டேட் மூலம் நிறுத்தினார்கள். அதன்பின் இவை ஓடுவது நாம் அந்த ஷார்ட்கட்டை நம் கையால் கிளிக் செய்யும்போதுதான்.

கோளாறு மென்பொருளிலா வன்பொருளிலா என்ற சந்தேகம் வந்தால், அதைத் தீர்க்க ஒரு பென் டிரைவ் போதும். லினக்ஸ் மின்ட், பப்பி போன்ற ஏதாவது ஒரு லினக்ஸை அதில் ஏற்றி, ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் அதிலிருந்தே மெஷினைக் கிளப்புங்கள். ஒரு மணி நேரம் பாட்டுக் கேளுங்கள், இணையம் பாருங்கள். அங்கேயும் ஹேங் ஆனால் விண்டோஸைக் குற்றம் சொல்ல முடியாது, ராமோ சூடோ மின்சாரமோதான் காரணம். அங்கே நன்றாக ஓடினால் வன்பொருளின் பெரும்பகுதி நலமாக இருக்கிறது, விசாரணையை விண்டோஸ் பக்கமும் டிஸ்க் பக்கமும் நடத்தலாம். விண்டோஸ் கிளம்பாத மெஷினிலிருந்து கோப்புகளை எடுக்கவும் இதே வழிதான்.

ராமைச் சோதிக்க மெம்டெஸ்ட் இருக்கிறது, இரவு முழுவதும் ஓடட்டும். அதில் ஒரு பிழை வந்தாலும் அலட்சியம் வேண்டாம். ராம் கெட்டிருந்தால் நீலத் திரை ஒவ்வொரு முறையும் வெவ்வேறு காரணம் சொல்லும், புது விண்டோஸ் ஏற்றும்போதே பாதியில் நிற்கும். நம் கடைகளில் ராமைக் கழற்றி அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் துடைத்துப் போடுவார்கள். படித்தவர்கள் சிலர் அதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். கடலோர ஊர்களின் உப்புக்காற்றில் அந்தப் பற்களில் படலம் படியும், மென்மையாகத் துடைத்தால் தொடர்பு சரியாகும். பிளக்கை உருவிவிட்டு, கேபினட்டின் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டுச் செய்யுங்கள். அது நம் தொழிலாளர்கள் கையால் கற்ற நல்ல வைத்தியம்.

இப்போது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிற விஷயம். பழைய மெஷினில் வேறு எங்கும் இல்லாத ஒன்று இருக்கிறது, அது நம் தமிழ்.

யூனிகோடு பரவுவதற்கு முன் ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் தமிழ் எழுத்துருக்களைச் செய்தது. இந்த அரங்கில் நாற்காலிகளுக்கு எண் போட்டிருக்கிறார்கள். அதுபோலக் கோப்பில் சேமிக்கப்படுவது நாற்காலி எண் மட்டும்தான், அதில் எந்த எழுத்து உட்கார்ந்திருக்கிறது என்பதை ஃபான்ட்தான் முடிவு செய்கிறது. பாமினி என்ற ஃபான்ட் ஆங்கிலம் உட்கார வேண்டிய நாற்காலிகளில் தமிழை உட்கார வைத்தது, திஸ்கி என்ற குறியாக்கம் ஆங்கிலத்தை அதன் இடத்திலேயே விட்டு, தமிழை வேறு வரிசையில் வைத்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டுக்குப் பின் தாம், தாப் என்ற தரங்கள் வந்தன. தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்16 என்ற குறியாக்கத்தையும் ஏற்றது 2010இல்தான். இதற்கு இடைப்பட்ட காலத்தில் அச்சான ஆயிரக்கணக்கான நூல்கள், சிற்றிதழ்கள், ஊர் வரலாறுகள், சங்க மலர்களின் மூலக் கோப்புகள் ஏதோ ஒரு டிடிபி நிலையத்தின் பழைய மெஷினில் பேஜ்மேக்கர் கோப்பாகக் கிடக்கின்றன.

அந்த மெஷினை ஃபார்மட் போடும்போது கோப்புகளை டி டிரைவில் பத்திரப்படுத்திவிட்டு ஃபான்ட்களை விட்டுவிடுகிறார்கள். ஃபான்ட்கள் சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கின்றன, யாருக்கும் நினைவு வராது. புது விண்டோஸில் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த குப்பை வரும். "ஃபைல் கரப்ட்" என்று அழித்துவிடுகிறார்கள். ஐயா, அது கெடவில்லை. எண்கள் அத்தனையும் அப்படியே இருக்கின்றன. அந்த ஃபான்ட்டைத் திரும்பப் போட்டால் தமிழ் திரும்ப வரும். ஃபான்ட் கிடைக்காவிட்டாலும் எந்தக் குறியாக்கம் என்று கண்டுபிடித்தால், என்ஹெச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகள் அதை யூனிகோடாக மாற்றித் தரும். சில அச்சுக்கோப்பு மென்பொருள்கள் பிரிண்டர் போர்ட்டில் செருகும் ஒரு பூட்டு இருந்தால்தான் ஓடும், இன்றைய மெஷின்களில் அந்த போர்ட்டே கிடையாது. அந்தப் பழைய மெஷினை உயிரோடு வைத்திருப்பது ஏக்கத்தினால் அல்ல, அதற்கு மாற்று கிடைக்காததால். அப்படி ஒரு மெஷின் உங்கள் ஊரில் யாரிடமாவது இருந்தால், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே ஃபான்ட் ஃபோல்டரை முழுவதுமாக நகல் எடுங்கள், ஒவ்வொரு நூலையும் யூனிகோடுக்கு மாற்றி ஒரு பிரதி, பிடிஎஃப் ஆக ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

எக்ஸ்பியில் யூனிகோடு தமிழே சரியாகத் தெரியாமல் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்பதையும் பார்த்திருப்பீர்கள். அதுவும் கெட்டுப்போனதல்ல. கன்ட்ரோல் பேனலில் மொழி அமைப்புகளுக்குள், சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளை நிறுவு என்ற ஒரு சதுரத்தில் டிக் போட்டு, கேட்கும்போது எக்ஸ்பி சிடியைக் கொடுத்தால் கொம்பு தன் இடத்துக்கு வந்துவிடும்.

பழைய மெஷினை எவ்வளவு காலம் காப்பாற்றலாம் என்று கேட்பீர்கள். எல்லாவற்றையும் என்றைக்கும் ஓட்டலாம் என்று நான் சொல்லவில்லை. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8ஓடும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14ஓடும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓடும் மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு முடிந்தது. ஆதரவு போன மெஷினில் பேங்க் வேலை பார்க்காதீர்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரேன்சம்வேர் பரவியபோது மாட்டியவை பெரும்பாலும் விண்டோஸ் 7 மெஷின்கள். அப்போது அது ஆதரவில்தான் இருந்தது, வான்னாக்ரை நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் இரண்டு மாதம் முன்பே வந்துவிட்டது. போடாதவர்கள் மாட்டினார்கள். அச்சகத்து எக்ஸ்பிக்கு நான் செய்தது நெட் கேபிளை உருவியதுதான். பேஜ்மேக்கருக்கு இணையம் எதற்கு?

விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கிறது, இன்டெல் பிராசசர் என்றால் எட்டாம் தலைமுறைக்கு முந்தியதை அதிகாரபூர்வமாகப் பெரும்பாலும் ஏற்பதில்லை. அதனால் நன்றாக ஓடும் எத்தனையோ மெஷின்கள் வழியில்லாமல் நிற்கின்றன. 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினிகள் இன்னும் பல வீடுகளில் அலமாரியில் இருக்கின்றன. அவற்றில் லினக்ஸ் போடலாம். "எங்க மெஷின் 32 பிட் சார்" என்பார்கள். பெரும்பாலும் போட்டிருக்கும் விண்டோஸ்தான் 32 பிட், உள்ளே இருக்கும் பிராசசர் 64 பிட். 2006இல் வந்த கோர் 2 டுவோவே 64 பிட்தான். 4 ஜிபி ராம் போட்டும் 3 ஜிபி சொச்சம்தான் காட்டுகிறது என்றால், விண்டோஸ்தான் 32 பிட் என்று சந்தேகப்படுங்கள். பிராசசரே உண்மையில் 32 பிட் என்றால், டெபியன் என்ற லினக்ஸில் 12தான் அதற்கு நிறுவி தந்த கடைசிப் பதிப்பு, 13இல் நிறுத்திவிட்டார்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி ஒன்று போட்டால் கிடைக்கும் வேகத்தை வேறு எந்த மாற்றமும் தராது. எடுத்த டிஸ்க்கை அழிக்காமல் பேர் எழுதி வையுங்கள்.

மதர்போர்டில் உள்ள கெப்பாசிட்டர்கள் தலை உப்பிக் கசிந்திருந்தால், செலவு மெஷினின் மதிப்பைத் தாண்டினால், கோப்புகளை எடுத்துக்கொண்டு விட்டுவிடலாம். சில நேரம் ஃபார்மட்டும் தேவைப்படும். சிஸ்டம் கோப்புகளில் வைரஸ் முழுவதும் ஊறிவிட்டால் நானும் போடுகிறேன். கோப்பும் ஃபான்ட்டும் வெளியே வந்து, இன்னொரு மெஷினில் திறந்து பார்த்த பிறகு போடுகிறேன்.

கடைக்குக் கொண்டுபோகும்போது ஒரு தாளில் நான்கு விஷயம் எழுதிக் கொடுங்கள். திரையில் என்ன எழுதி வந்தது, சொல்லுக்குச் சொல். எப்போதிலிருந்து. அதற்கு முன் என்ன நடந்தது. எதை அழிக்கக் கூடாது. செல்போனில் திரையைப் படம் எடுத்துக் காட்டினால் இன்னும் நல்லது. காரணத்தைக் கண்டுபிடித்துச் சொன்னால் அதற்கு இவ்வளவு தருகிறேன் என்று முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். அப்படிக் கேட்கிற வாடிக்கையாளருக்காக நேரம் ஒதுக்கிப் பார்க்கிற திறமைசாலிகள் சென்னை ரிச்சி தெருவிலும் இருக்கிறார்கள், உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்ட் எதிரிலும் இருக்கிறார்கள்.

லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவ்கள் சிலவற்றை நூலகரிடம் கொடுத்திருக்கிறேன். இரவல் எடுத்துப் போய் உங்கள் மெஷினைக் கிளப்பிப் பாருங்கள். மடிக்கணினி கொண்டுவந்திருப்பவர்கள் இருங்கள், டீ குடித்துவிட்டு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.